கைக்கு வந்த மகசூல்

மாப்ளே,

மகள் துபாயிலிருந்து அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டியை இன்று பிரித்தேன். மூடியில் அரபியில் "இவ்வாண்டு மஹ்ஸூல்" என்று போட்டிருந்தது. பழத்தில் கை போகவில்லை, உன் ஞாபகம்தான் வந்தது.

நான் முத்துப்பேட்டைக் கடைத்தெருக்காரன், நீ பக்கத்துக் கிராமத்து விவசாயி. அரபி முதலாளியின் பேரீச்சந்தோட்டத்தில்தான் நாம் சிநேகமானோம். அவர் பேசுவதை உனக்குத் தமிழில் சொல்வது என் வேலை. ஒருநாள் அவர் மரங்களை அண்ணாந்து பார்த்து நீளமாக ஏதோ கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "மகசூல் இந்தத் தடவை கம்மிதாங்க" என்று தமிழிலேயே சொன்னாய். அவருக்கும் புரிந்துவிட்டது. மதரஸாவில் அடி வாங்கி ஓதிய எனக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் விளக்கினேன். ஹ, ஸ, ல மூன்றும்தான் வேர். கிடைப்பது என்று பொருள். கைக்கு வந்து சேர்ந்தது ஹாஸில். அதைத் திரட்டுவது தஹ்ஸீல். விளைந்து கிடைத்தது மஹ்ஸூல்.

"அப்ப நம்ம தாசில்தாரு மகசூலுக்குப் பங்காளியா?" என்றாய். "வசூலு?"

"அது வேற வேருடா. சோத்தத் தின்னு."

சிரித்தாய். பிறகு சோற்றைப் பிசைந்தபடியே, "நட்டும் கைக்கு வராமப் போச்சே, அதுக்கு இதுல என்ன வார்த்தை?" என்று கேட்டாய்.

அந்த வாரம்தான் சேதி வந்திருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் உன் சம்பா கருகிவிட்டது. இறால் பண்ணைக்கு நிலத்தைக் கேட்கிறார்கள், நீ சரியென்றால் கொடுத்துவிடலாம் என்று உன் அண்ணன் சொல்லியனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை நான் தொழுதுவிட்டு வரும்வரை காத்திருந்து டெலிபோன் கடைக்கு இழுத்துப்போனாய். "குடுக்க வேணாம்ண்ணே. உப்புத்தண்ணி ஏறுனா அப்புறம் அது வயலா? நான் வந்துடுறேன்" என்றாய். விசா முடியாமல் கிளம்புகிறாயே, உனக்கென்ன பைத்தியமா என்று நடுத்தெருவில் கத்தினேன். நீ பெட்டி கட்டினாய். அந்தக் கோபம் எனக்கு வருஷக்கணக்கில் ஆறவில்லை.

நீ ஊருக்கு வந்தபின் சில வருடம் விளைந்தது, சில வருடம் ஏமாற்றியது. நான் லீவில் வரும்போதெல்லாம் வரப்பில் நின்று, "ஹாஸிலாடா?" என்பேன். "பாதி ஹாஸில்" என்பாய். நல்லாத்தான் இருந்தோம்டா.

நீ போன அன்று பங்காளிகள் வாய்க்கரிசி போட்டு முடித்தார்கள். நான் ஒதுங்கியே நின்றேன். உன் அண்ணன் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"நீயும் போடு தம்பி. கடை அரிசி இல்ல. அவன் வயல்ல வெளஞ்சது."

உன்மேல் மிச்சமிருந்த கோபம் அங்கேதான் போனது. உன் வாயில் இட்ட அந்த ஒரு பிடி அரிசி, இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை மாப்ளே.