வியாழக்கிழமை ரத்தம்

12 ஜூன் 2025, வியாழன்

பஸ் கிடைக்காமல் இருபது நிமிடம் தாமதம். அதற்குள் தாம்பரம் ஆய்வகத்திலிருந்து வினிதா மூன்று முறை போன் போட்டுவிட்டாள். "அங்கிள், எங்க வர்றீங்க?" என் மனைவி தபீதாள் இறந்து இரண்டு வருடம். அவளுக்குப் பிறகு, நான் வர நேரமானதற்கு யாரும் தவித்ததில்லை. ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டுமாம். வைத்திருந்தால் வெள்ளணுக்கள் செத்துவிடுமாம். வெறும் வயிற்றில் வேறு வர வேண்டும்.

என் அணுக்களைத் திரையில் காட்டினாள். ஒரு பக்கம் கிருமி வாசனையுள்ள இரை. அதை நோக்கி நேராகப் போக வேண்டும். என்னுடையவை அவசரமாகத்தான் ஓடுகின்றன, ஆனால் கண்ட பக்கம். "போற வழியில உங்க நுரையீரலையே அரிக்குது அங்கிள்." திருமுடிவாக்கம் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டிங் புகை தின்ற நுரையீரல். இன்று முதல் அவர்கள் ஆய்வு செய்யும் புது மாத்திரை, தினம் ஒன்று; மாதம் ஒரு வியாழன் ரத்தம் கொடுக்க வர வேண்டும்.

10 ஜூலை, வியாழன்

நேராகப் போகின்றன! வினிதாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கும் மாடிப்படி நிற்காமல் ஏற முடிகிறது.

"செப்டம்பரோட உங்களுக்கு முடிஞ்சுடும் அங்கிள். தேறாதவங்களை மட்டும் இன்னும் ஆறு மாசம் வரச் சொல்லுவோம்."

பொழிச்சலூர் வீடு வரும்வரை அந்த செப்டம்பரையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

11 ஜூலை

மாத்திரையை விழுங்காமல் பிதுக்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். இனி தினமும் இப்படித்தான். காலி அட்டையைப் பத்திரப்படுத்தினேன். இன்னும் ஆறு மாசம்டா வில்பிரட் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

2 ஆகஸ்ட்

இருமல். படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

பழையபடி அலைகின்றன. அவள் நம்பாமல் மூன்று தடவை பார்த்தாள். "மாத்திரை தவறாம போட்டீங்கல்ல?" காலி அட்டைகளைக் காட்டினேன்.

"அப்போ மருந்து நிலைக்கலைன்னுதான் எழுதணும். உங்களை மாதிரி புகையில வேலை பார்த்தவங்களுக்கு இது கைகொடுக்கும்னு இருந்தேன் அங்கிள்."

ஆறு மாதத் தாளில் கையெழுத்துப் போட்டேன். கேட்டது கிடைச்சாச்சு. அப்புறம் ஏன் சோறு இறங்க மாட்டேங்குது? திருமுடிவாக்கத்துல இன்னும் எத்தனை பேர் இருமிகிட்டு இருக்கான் — அவனுக்கெல்லாம் கிடைக்க வேண்டியதை நான்ல கெடுத்துட்டேன்.

19 ஆகஸ்ட்

ஆய்வகத்துக்குப் போய்ப் பாட்டிலை வினிதாவின் மேசையில் வைத்தேன். கொட்டி எண்ணினாள். முப்பத்தொன்பது.

"ஏன் அங்கிள்?"

"இங்க வர்றது முடிஞ்சுட்டா நீ போன் பண்ண மாட்டியேம்மா."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் கணக்கை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். மருந்தும் அதோடு நின்றது. இனி பழைய இன்ஹேலர்தான்.

11 செப்டம்பர், வியாழன்

பழக்க தோஷம், காலையிலிருந்து வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது இருபதுக்குப் போன்.

"அங்கிள், எங்க வர்றீங்க?"

அவளுக்கே உறைத்தது. "சாரி அங்கிள். பழைய லிஸ்ட்டைப் பார்த்துப் போட்டுட்டேன்."

"பரவாயில்லம்மா."

அவள் உடனே வைக்கவில்லை. "சாப்ட்டீங்களா?"

ஆச்சு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "இல்லம்மா," என்றேன்.

"போய்ச் சாப்பிடுங்க அங்கிள்."

வைத்துவிட்டாள். இட்லி ஊற்றினேன். நாலு சாப்பிட்டேன்.