சேவலுக்குத் தெரிந்த பச்சைக் கோட்டு

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது. பின்கதவுச் சாவி ஆணியில்.

முட்டை எடுக்கப் போனால் வாளியைக் காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போங்கள். சேவல் பாய்ந்தால் ஓடாதீர்கள், உதைக்காதீர்கள். உதைத்தால் வன்மம் வைத்துக்கொள்ளும். அமுக்கிப் பிடித்து, அடங்கும்வரை கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நில்லுங்கள்.

உங்களுக்கு எதற்கு இதெல்லாம்? "என்கிட்ட அது பூனைக்குட்டி மாதிரி இருக்கு. இவ குணத்துக்குத்தான் பாயுது"ன்னு உங்கள் தங்கச்சி எதிரிலேயே சொன்னவராயிற்றே.

இன்று காலை என் பச்சை மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கோழிக்கூட்டுக்குப் போனேன். சேவல் என் காலைப் பதம் பார்த்துவிட்டது. கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி போனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பகை என்மேல் இல்லை, கோட்டின் மேல்.

கூடு கழுவும்போது சட்டை அழுக்காகக் கூடாது என்று என் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வது யார்? அந்தக் கோட்டோடு போய்ச் சேவலை உதைத்தது யார்? சாயங்காலம் வந்து கேட்கிறேன். யோசித்து வையுங்கள்.

பி.கு: கோட்டை மாட்டும்போது பையில் ஏதோ கடகடவென்றது. தீப்பெட்டி. பக்கத்தில் பாதி சிகரெட். "விட்டு எட்டு மாசம் ஆச்சு"ன்னு சத்தியம் செய்தது எந்த வாய்?

இன்னொன்று: முட்டை எடுக்க அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். உங்கள் தங்கச்சியை ஜன்னலிலிருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வாளியைத் தேடாதீர்கள். அது என்னோடு வேலைக்கு வருகிறது.