அன்று நீ வாய் திறக்கவில்லை

இன்று காலை புத்தாண்டுக்காகக் கம்பெனி கேட்டில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். வழக்கம்போலச் சின்ன அட்டைப் பெட்டி, உள்ளே வெள்ளை க்ரீம் பூசிய ஒரு துண்டு. பெட்டியைத் திறந்ததும் எசன்ஸ் வாசனை குப்பென்று அடித்தது. உனக்கு அது ஆகவே ஆகாது. "சோப்பக் கரைச்சி ஊத்தின மாரி கீதுடி" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, உன் பெட்டியையும் என் கையில் திணித்துவிடுவாய். இன்று என் கையில் ஒரு பெட்டிதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நீ போன பிறகு வரும் முதல் ஜனவரி இது. இந்த நாளில் உன்னிடம் சொல்லிப் பழகியதை வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது எனக்குத் திக்காது, அது உனக்குத் தெரியும்.

நாம் பழகியதே சண்டையில்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த புதிது. ஒரகடத்தில் நாலைந்து பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். கம்பெனி பஸ் வாலாஜாபாத்திலேயே உன்னை ஏற்றிக்கொண்டு வந்துவிடும். நான் ஏறியபோது ஜன்னலோரத்தில் ஒரு இடம் காலியாகத் தெரிந்தது. உட்கார்ந்த பிறகுதான் உன் பை அடியில் நசுங்கியதைக் கவனித்தேன்.

"இன்னா, பை கீறது கண்ணு தெரில?"

மன்னிக்கச் சொல்லிக் கேட்க நினைத்தேன். 'ம'விலேயே உதடு ஒட்டிக்கொண்டது. நீ இன்னும் சத்தம் போட்டாய். "வாயத் தொறந்து ஒரு பதில் சொல்ல மாட்டியா? அவ்ளோ திமிரா?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒருவழியாக அந்தச் சொல்லை வெளியே தள்ளினேன். நான் கண்ணைத் திறந்தபோது உன் முகம் மாறியிருந்தது. மதியம் கேன்டீனில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாய். "நான் ஒரு லூசுடி. கோவம் வந்தா எனக்கு எதிர்ல யாரு கீறாங்கன்னே தெரியாது" என்றாய். மறுநாளிலிருந்து அந்தப் பை எனக்காக இடம் பிடித்து வைத்தது.

அந்த வருடப் பிறப்பன்று ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றோம். இந்த வருடம் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாய். பயப்படாமல் பேச வேண்டும் என்றேன். "எனக்கு இந்தக் கோவம் போவணும்" என்றாய் நீ. அந்தக் கோபத்தால் ஏற்கெனவே உனக்கு வேலை போயிருந்தது. உன் தம்பி தன் கல்யாணத்துக்கே உன்னைக் கூப்பிடவில்லை. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாய். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த ஜனவரியிலும் அதே இரண்டைத்தான் சொன்னோம். அதற்கடுத்த ஜனவரியிலும் அதேதான். "வருசா வருசம் இ-இதையே சொல்லுதோமே, வெக்கமா இல்லையா?" என்று ஒருமுறை நொந்துபோய்க் கேட்டேன்.

"போடி. டெய்லி அதே சோறுதான துன்றோம்? அதுக்காவ வளராமயா பூட்டோம்?" என்றாய்.

நீ சொன்னது வெறும் சமாளிப்பு என்றுதான் அன்று நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், முதல் வருடம் அந்தக் கடையில் நான் காபிதான் கேட்டேன். காபி பிடித்ததால் அல்ல, 'டீ' என்ற சொல் வராது என்பதால். மூன்றாம் வருடம் திக்கித் திக்கி டீயே கேட்டேன். நீயும் பஸ்ஸில் யாரையாவது திட்டிவிட்டால், இறங்குவதற்குள் அவர்களிடம் போய்ச் சமாதானமாக ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவாய். இவ்வளவுதான் நம் வளர்ச்சி. அதைப் பெரிதாக எண்ணவும் இல்லை, அந்த விபத்து நடக்கும்வரை.

கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் மெஷினில்தான் உனக்கு வேலை. அதன் கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடக் கூடாது. அதற்காகக் கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. அன்று அந்தச் சுவிட்ச் பழுதாகியிருந்தது. உற்பத்தி நிற்கக் கூடாது என்று சூப்பர்வைசர் அதன்மேல் டேப் ஒட்டச் சொன்னார். இனி கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும். "இத நான் ஓட்ட மாட்டேன் சார். கை மாட்டிகினா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினாய். அவரும் கத்தினார். நீ கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, பொறியாளரைத் தேடிப் போனாய். நீ திரும்பி வருவதற்குள் அந்த இடத்தில் தர்மபுரிக்காரர் ஒருவரை நிறுத்தி மெஷினை ஓட்டிவிட்டார்கள். அவருடைய விரல்கள் நசுங்கின. அவர் போட்ட அலறல் அந்தக் கூடத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. பக்கத்து மேசையில் பாகங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

உனக்கு வந்த நோட்டீஸில் கதை வேறாக இருந்தது. நீ ஆத்திரப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் மெஷினை விட்டுப் போனதால் ஏற்பட்ட குழப்பத்தில்தான் விபத்து நடந்ததாம். டேப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள், கேட்டால் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லோரும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், வாய் திறந்தால் வேலை போய்விடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

ஆனாலும் உனக்காகச் சாட்சி சொல்ல என் பெயரைக் கொடுத்தேன். விசாரணைக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார். குரலைத் தணித்து, பரிவாகவே பேசினார். "உனக்கு எதுக்கும்மா இது? பேச்சு வேற சரியா வராது. அத்தன பேரு முன்னாடி நின்னு நீதான் கஷ்டப்படுவ."

நீயும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாய். "வராதடி. உன்ன அழ வெப்பாங்க. அதப் பாத்தா நான் கத்திடுவேன். நான் கத்தினா அவ்ளோதான், 'பாத்தீங்களா, இதான் இவ கொணம்'னு முடிச்சிடுவாங்க."

"நீ க-கத்தாத" என்றேன். "நான் பே... பேசுதேன்."

நீ சரியென்று தலையாட்டினாய்.

அந்த அறையில் ஏசி குளிர் எலும்பில் ஏறியது. ஹெச்.ஆர். அதிகாரி, உற்பத்தி மேலாளர், தட்டச்சு செய்ய ஒருவர். ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு சூப்பர்வைசர். எதிரே தனி நாற்காலியில் நீ. என்ன பார்த்தாய் என்று ஹெச்.ஆர். கேட்டார்.

"மெ... மெ... மெ..."

"மெஷினை விட்டுட்டுப் போனாங்க. சரி. அப்புறம்?"

இல்லையென்று தலையசைத்தேன். அதற்குள் தட்டச்சு செய்பவரின் விரல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. மறுபடி முயன்றேன். "அவ க-க-கத..."

"கத்தினாங்க. ஆமா, எல்லாரும் அதத்தான் சொல்றாங்க." அவர் கெட்ட மனிதர் அல்ல. கடிகாரத்தைப் பார்த்தார், எனக்கு உதவுவதாகவே நினைத்தார். நான் சொல்ல வந்தது 'கதவு'. என் வாயிலிருந்து பாதி வரும் ஒவ்வொரு சொல்லும் அவர் கையில் உனக்கு எதிராகத் திரும்பிக்கொண்டிருந்தது. பேசாமலே இருந்திருந்தால்கூட உனக்கு இவ்வளவு கேடு வந்திருக்காது.

உன்னைப் பார்த்தேன். நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்த உன் விரல்கள் வெளுத்திருந்தன. கழுத்தில் நரம்பு துடித்தது. உன் வாய் திறந்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். சூப்பர்வைசரும் அதற்காகத்தான் காத்திருந்தார், அவர் முன்னால் சாய்ந்ததைக் கண்டேன்.

நீ வாயை மூடிக்கொண்டாய். கண்ணில் நீர் முட்ட, என்னையே பார்த்தாய். வருடா வருடம் டீக்கடையில் நீ சொன்ன அந்த ஒன்றை எவ்வளவு பாடுபட்டுச் செய்கிறாய் என்று அப்போது புரிந்தது. நீ செய்யும்போது நான் செய்யாமல் இருக்க முடியுமா?

கையை உயர்த்தி ஹெச்.ஆரை நிறுத்தினேன். அவர் திகைத்தார்.

"சார். எனக்குத் தி... திக்கும். நேரம் ஆகும். நீ... நீங்க சொல்லாதீங்க. நா-நானே சொல்லுதேன்."

தட்டச்சு நின்றது. பிறகு சொன்னேன். கதவு சுவிட்ச் பழுதானது, அதன்மேல் டேப் ஒட்டியது, நீ ஓட்ட மாட்டேன் என்றது, பொறியாளரைக் கூப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டே போனது. சில சொற்களுக்கு முகம் கோணியது. ஒரு சொல் வரவே மறுத்தது. அறையில் யாரும் அசையவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் நான் பிறந்ததிலிருந்து பயந்திருந்தேன். அன்று அதற்குள்ளேயே நின்றேன், சொல் வரும்வரை நின்றேன்.

"டேப் ஒட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார் மேலாளர்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இ-இவுகதான்."

முடிவு ஒன்றும் வெற்றி விழா அல்ல. சில வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்துவிட்டு நீ வேலைக்குத் திரும்பினாய். சூப்பர்வைசரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். என்னைப் பேக்கிங்குக்குத் தள்ளினார்கள். அங்கே கொஞ்ச காலம் யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. தர்மபுரிக்காரர் ஊருக்கே போய்விட்டார். அவர் விரல்களுக்கு நம்மால் எதுவும் செய்ய முடியவில்லை.

ஆனால் விசாரணை முடிந்து வெளியே வந்த அந்த மதியம் நினைவிருக்கிறதா? லீவில் ஊருக்குக் கிளம்பிய என்னை மின்சார ரயிலில் ஏற்றிவிட சிங்கப்பெருமாள் கோவில்வரை கூடவே வந்தாய். ஷேர் ஆட்டோக்காரர் மேலும் மேலும் ஆளை ஏற்ற, நீ வெடித்தாய். "யோவ், மனுசங்களா மூட்டையா? உன் மடில குந்திகினு வரவா?" அவர் மிரண்டுபோனார். நீ என் பக்கம் திரும்பி, "அங்க அமுக்கி வெச்சது, இங்க வந்து பூட்ச்சி" என்றாய். இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம். இறங்கும்போது ஆட்டோக்காரரிடம் மறக்காமல் மன்னிப்பும் கேட்டாய்.

போன மழைக்காலத்தில் உனக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் செய்தாய். குரல் நூலாக இருந்தது. "நர்ஸ் பொண்ணுகிட்ட எரிஞ்சி வுழுந்துட்டேன்டி. அப்பறம் கூப்ட்டு சாரி சொல்ட்டேன். பாவம், சின்னப் பொண்ணு." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "என் தம்பி வந்து கீறான். கஞ்சி ஊட்றான்." அதற்குப் பின் உன் குரலை நான் கேட்கவில்லை. அடக்கத்தன்று உன் தம்பி உன் கால்மாட்டிலிருந்து எழவே இல்லை.

போன மாதம் பேக்கிங் லைனில் ஒன்று நடந்தது. ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளின் தாய், எங்களோடு வேலை செய்கிறாள். தமிழ் இப்போதுதான் பழகுகிறாள். ஒரு பாகத்தில் கீறல் விழுந்திருந்தது. புதிய சூப்பர்வைசர் விசாரித்தார். அவள் சொல்லைத் தேடிக்கொண்டு நின்றாள். "கீழ போட்டுட்ட, அதான?" என்று அவரே முடித்துவிட்டு நகரப் பார்த்தார். எனக்குக் கோபம் பொங்கியது. இவ்வளவு பெரிய கோபம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

"சார், நில்லுங்க! அவ இ-இன்னும் சொல்லியே மு... முடிக்கல."

சத்தம் அதிகமாகிவிட்டது. நாலு மேசை தள்ளி இருந்தவர்களும் திரும்பினார்கள். அவர் நின்றார். அவள் கையாலும் பாதித் தமிழாலும் சொன்னாள், டிராலியில் வரும்போதே கீறல் இருந்தது என்று. மதியம் அவரிடம் போய், சத்தம் போட்டதற்கு வருத்தம் சொன்னேன். சொன்ன விஷயத்துக்கு அல்ல, சத்தத்துக்கு மட்டும்.

இன்று ஷிப்ட் முடிந்து கடையில் தனியாக நின்றேன். பயப்படாமல் பேச வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு, இந்தக் கோபத்தை அடக்கப் பழக வேண்டும் என்றும் சொன்னேன். இரண்டாவதை உன் நினைவுக்காகச் சொல்லவில்லையடி. இப்போது எனக்கே அது வேண்டியிருக்கிறது.