சேதுபதியின் பெயரை ஒருமுறை வாசியுங்கள்

மதுரை,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய சாதிக் பாட்ஷா அண்ணன் அவர்களுக்கு,

கமுதி சேதுபதியின் மனைவி நாகவள்ளி வணக்கத்துடன் எழுதுவது. அண்ணனும் ஜன்னத் மதினியும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். துபாய் மீனா பஜாரில் உங்கள் கடையைப் பெரிதாக்கியிருப்பதாகப் பக்கத்துத் தெரு ஐயப்பன் சொன்னார். கேட்டுச் சந்தோஷப்பட்டோம். லீவு முடிந்து அவர் நாளை ஷார்ஜா திரும்புகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். வீட்டில் நான் போனில் பேசுவதெல்லாம் என் வீட்டுக்காரர் காதில் விழும். இங்கே வந்தால் போன் அவர் கையில் இருக்கும். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் இந்த நான்கு மணி நேரம்தான் அவருக்குத் தெரியாமல் எழுத எனக்குக் கிடைக்கிறது.

வாரம் இரண்டு முறை வந்துகொண்டிருந்தோம். இப்போது மூன்று முறை. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கால் வீக்கமும் வடியவில்லை. ஷார்ஜா மைதானத்தில் அவர் மயங்கி விழுந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து, கம்பெனியில் பேசி, விமானம் ஏற்றிவிட்டது நீங்கள்தான். அதனால்தான் இதை எழுதவே கை கூசுகிறது.

நீங்கள் அங்கே நடத்தும் கபடிப் போட்டியின் பத்தாம் ஆண்டு விழாவில், எல்லா டீம்களிலிருந்தும் கௌரவிக்கப்போகும் பத்து வீரர்களின் பட்டியலை ஐயப்பன் காட்டினார். கேப்டனாக இருந்து இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தவரின் பெயர் அதில் இல்லை. ஊக்க மருந்து எடுத்ததாக டாக்டர் எழுதிவிட்டார், அப்படி ஆடியவரை மேடை ஏற்ற முடியாது என்று விழாக் குழுவில் முடிவானதாம். நியாயம்தான் அண்ணா. ஆனால் அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேர், இவருக்கு மருந்து கொடுத்த அதே ஜிம்காரரிடம் அதே மருந்தை வாங்கியவர்கள். அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில், அவர்கள் குரலிலேயே அது இன்னும் இவருடைய போனில் இருக்கிறது. பெயரைச் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். “அவங்களாவது நிமிந்து நிக்கட்டும், விடு” என்கிறார். சொல்ல மாட்டேன். மயங்கி விழுந்தவர் மட்டும் ஏமாற்றுக்காரர், விழாதவர்களுக்குப் பொன்னாடையா என்று மட்டும் கேட்கிறேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கடைசியாக அவர் லீவில் வந்தபோது அந்த ஊசியைப் போட்டது நான்தான். கல்யாணத்துக்கு முன் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்ததால் எனக்கு ஊசி போடத் தெரியும். மூட்டுவலிக்கு என்றார். மூன்றாவது ஊசியின்போது பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, வேண்டாமென்றேன். “முப்பத்துமூணு வயசாயிருச்சு நாகு. டீமை விட்டு எடுத்துட்டா கேம்ப்ல நான் யாரு? சாரம் கட்டுற ஆயிரம் பேர்ல ஒருத்தன்” என்றார். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. மிச்ச ஊசியையும் போட்டேன். இப்போது உள்ளே அவர் கையில் குழாய் மாட்டும்போதெல்லாம் நான் வெளியே வந்துவிடுகிறேன்.

போன மாதம், அபுதாபிப் பக்கம் ருவைஸ் டீமில் ஆடும் கார்மேகம் லீவில் வந்தவர் இவரைப் பார்க்க வந்தார். எத்தனை பேர் சொல்லியும் அந்த மருந்தைத் தொடாத மனிதர். இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் இவரிடம் தோற்றவர். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தக் கப்பு ஒனக்கு வர வேண்டியதுடா” என்று அழுதார். கார்மேகம் துண்டால் இவர் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு, “கோவம் இருக்குண்ணே, இல்லேங்கல. அதுக்காக ஒங்கள இப்பிடிப் பாக்கவா கோவப்பட்டேன்” என்றார். கோப்பை வாங்காததால் அவரும் உங்கள் பட்டியலில் இல்லை. என் வீட்டுக்காரர் நின்றிருக்க வேண்டிய இடத்தை அவருக்குக் கொடுங்கள். இது நான் முதலில் கேட்பது.

அடுத்ததைக் கேட்க எனக்கு அருகதை இல்லை. பட்டியலைக் காட்டச் சொல்லி அவர் நச்சரித்தபோது, உங்க பேரும் இருக்கு என்று பொய் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அரை இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். வார்டில் நர்ஸ்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். டீம் ஜெர்சியை இஸ்திரி போடச் சொல்லி மாட்டிப் பார்த்தார்; தோளில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை விழாவைப் போனில் நேரலையாகப் பார்க்கக் காத்திருக்கிறார்.

பொன்னாடை வேண்டாம், கேடயம் வேண்டாம். சேதுபதி தப்புச் செய்தார், ஆனாலும் நம்மோடு ஆடியவர் என்று மைக்கில் ஒருமுறை சொல்லுங்கள். தப்பு என்று சொல்வதை அவர் தாங்கிக்கொள்வார். பெயரே வராமல் விழா முடிந்தால் நான் அவர் பக்கத்தில் எப்படி உட்காருவேன்?

உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராமல் ஆண்டவன் காக்கட்டும். குழுவில் எத்தனையோ பேரிடம் கேட்டுத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கும், தெரியும். அடுத்த வருட விழாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் பதில் அனுப்பிவிடாதீர்கள் அண்ணா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
நாகவள்ளி