எரித்த பாத்தியில் சோயா

கொத்மலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரேமினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் துணையில் நானும் அப்பாவும் சுகமாகவே இருக்கிறோம், எனக்குக் கழுத்து மட்டும் குளிருக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த கழுத்து அப்படித்தான் இருக்கும், அதற்காக நீ ஜப்பானில் இருந்து எனக்கு வைத்தியம் சொல்ல வேண்டாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். முழங்கால் வரை பனி விழுந்திருக்கிறது என்று படம் அனுப்பினாயே, அதில் காதைத் திறந்து போட்டுக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய், முதலில் காதை மூடு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன கிழமை நீ அந்தச் சமாசாரத்தைச் சொன்னதும் போனைப் பக்கத்து வீட்டு ராக்காயி பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே நம் காம்பரா அறைக்குள் போய்விட்டேன். சொல்ல வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உன்னோடு படித்த நிஷாந்தி அடுத்த வாரம் உன்னிடம் புறப்படுகிறாள், அதற்கு முன் நாளைக்கு இங்கே வருகிறாளாம், அவள் கையில் இதைக் கொடுக்கிறேன். போனில் என்றால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுவாய், எழுதினால் முழுதும் படித்துத்தானே ஆக வேண்டும்.

சோயா விஷயத்தில் நடந்தது என்ன என்று உனக்கு இதுவரை யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. வேரில் முடிச்சு விழுந்து பயிர் போச்சு என்று மட்டும் அப்பா சொன்னார், அதற்குப் பிறகு உன் போனுக்கே அவர் வரவில்லை. நீ விதையை நிஷாந்தியிடம் கொடுத்து அனுப்பியபோது சொன்னதெல்லாம் எங்களுக்கு நல்ல ஞாபகம். சோயா ஒரு நாளும் போடாத மண்ணாக இருக்க வேண்டும், கடையில் விற்கிற, கிருமி கலந்த அந்தக் கறுப்புத் தூளை விதையோடு கலக்கக் கூடாது, உரம் போடக் கூடாது, பூ விட்டதும் வேரோடு எடுக்க வேண்டும், நம் மலை மண்ணிலேயே இருக்கிற, செடிக்கு உரம் ஊட்டுகிற நல்ல கிருமி தானாக வந்து வேரில் குடியேறுகிறதா என்று பார்க்க வேண்டும், இந்த மண்ணில் வளர்ந்த வேர் கிடைக்காவிட்டால் உன் ஆராய்ச்சியில் மலைநாடே இருக்காது என்றாய். அப்பா இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார் தெரியுமா? தேயிலை நர்சரியில் கன்று மேடை போடுவது போல முளை அடித்துக் கயிறு கட்டிப் பாத்தி பிடித்தார். என்னைக் களை பிடுங்கக்கூட விடவில்லை. உரம் கிடைக்காமல் ஊரே தவித்த வருஷத்தில் போஞ்சி அவரைக் கொடி மஞ்சளாகிப் போனதைப் பார்த்துத்தானே நீ இந்த டாக்டர் பட்டத்துப் படிப்பையே எடுத்தாய், அதனால் இது நம் வீட்டு வேலை என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பூ விட்ட வாரத்தில் காட்டுப் பன்றி வேலியைப் பிரித்து உள்ளே வந்து ஓரத்துச் செடி இரண்டைக் கிளறிப் போட்டுவிட்டது. அப்பா காலையில் போய்ப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாகக் கட்டி. நீயே சொல்லு, ஆயுசெல்லாம் நர்சரியில் நின்ற மனுசனுக்கு அதைப் பார்த்தால் என்ன தோன்றும்? கன்று வேரில் முடிச்சைக் கண்டால் புழு, புழு என்றால் அந்த மேடை முழுவதையும் பிடுங்கி எரிக்க வேண்டும், யோசித்துக்கொண்டு நின்றால் பக்கத்து மேடைக்கும் போய்விடும், தோட்டத்துத் துரையிடம் கேட்கக்கூடக் காத்திருக்கக் கூடாது, அவர் அப்படித்தான் பழகினவர். நான் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், பாத்தி மொட்டையாக இருக்கிறது, அதன் நடுவே மண்ணெண்ணெய் ஊற்றிய குவியல் புகைகிறது, அவர் கம்பால் கிளறிக்கொண்டு நிற்கிறார். அடுத்த வீட்டு உருளைக்கிழங்குக்குப் பரவாம காப்பாத்திட்டேன் புள்ள என்று என்னிடம் பெருமையாக வேறு சொல்கிறார். அன்றைக்கு நீ போனில் அழுதாய். அந்த முடிச்சுத்தான்ப்பா எனக்கு வேணும், கிருமி அதுக்குள்ளதான்ப்பா இருக்கு என்றாய். அவர் போனை என்னிடம் நீட்டிவிட்டுப் போய்ப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தவர்தான், சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. எனக்கும் கோபம்தான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு சோற்றைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

இனி நான் செய்ததைக் கேள், கேட்டுவிட்டுக் கோபப்படாதே. விதையை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று நீ சொல்லியிருந்தாய். ஆனால் நம் லயத்தில் புது விதை வந்தால் முதல் பிடி பக்கத்துக் காம்பராவுக்குத்தானே போகும், கொடுக்காமல் விதைத்தால் விளங்காது, நான் எப்படிக் கொடுக்காமல் இருப்பேன்? ராக்காயி பெரியம்மாவுக்கு ஒரு பிடி கொடுத்தேன், அவள் அதைத் தன் போஞ்சிப் பந்தலுக்கு அடியில் ஒரு வரிசையும் கிடையாமல் கைக்கு வந்தபடி ஊன்றிவிட்டு மறந்தும் போய்விட்டாள். நிஷாந்தி வேர் எடுக்க வந்து வெறும் பாத்தியைப் பார்த்துத் தலையில் கை வைத்தபோது எனக்குச் சட்டென்று அது ஞாபகம் வந்தது. பெரியம்மாவும் தூள் போடவில்லை, உரமும் போடவில்லை, உரம் வாங்க அவளுக்குச் சோம்பல். நிஷாந்தி தரையில் மண்டியிட்டுத் தோண்டினாள். எனக்கும் காட்டினாள், புழு முடிச்சு என்றால் வேரே வீங்கியிருக்கும், கழட்ட முடியாது, இது நகத்தால் தள்ளினால் உருண்டு விழுகிறது, கீறினால் உள்ளே இரத்தம் போலச் சிவப்பு, கிருமி உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அந்தச் சிவப்பைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. விதைக்கு விடச் சொல்லிப் பெரியம்மா பிடிவாதம் பிடித்ததால் கொஞ்சம் செடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வேரில்தான் ஐந்து வகைக் கிருமி இருக்கிறது, ஒன்று இதுவரை பார்த்த எதோடும் ஒத்துப்போகவில்லை, இன்னும் சோதிக்க வேண்டும் என்று போன கிழமை நீ சொன்னாய். மகளே, உனக்கு அது சோதிக்க வேண்டிய விஷயம், எனக்கு அன்றைக்கே தீபாவளி. சோயா எங்கிருந்தோ வந்த விதை என்று நீதான் சொன்னாய், வந்த விதைக்கு இந்த மண் இடம் கொடுத்துச் சோறும் போட்டிருக்கிறது, அதைக் கண்டுபிடித்துச் சொல்ல இந்த லயத்துப் பிள்ளை ஒருத்தி வேண்டியிருந்தது. நான் பெற்ற பிள்ளை. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. பெரியம்மாவின் அலட்டலைத்தான் தாங்க முடியவில்லை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று, என் பந்தலுக்கடியில ஒரே வேருல அஞ்சு சாதி சண்டை சச்சரவு இல்லாம இருக்குதாம், நீங்க ஏன்டா அடிச்சிக்கிறீங்க என்று எல்லோரையும் கேட்டாளாம். இப்போது லயத்தில் போஞ்சி பிடுங்குகிறவர்கள் எல்லோரும் வேரைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுகிறார்கள், நானும் உன்னைப் போல நகத்தால் கீறிப் பார்த்து நல்ல சிவப்பு என்று சொல்லி அனுப்புகிறேன். டாக்டர் வீடு என்றால் சும்மாவா?

அப்பா மட்டும் அந்தச் சந்தோஷத்தில் சேரவில்லை. நல்லது, புள்ள கெட்டிக்காரி என்றார், அவ்வளவுதான். ஆனால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. பெரியம்மாவின் செடி முற்றியதும் அவள் முறைப்படி ஒரு பிடி விதையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள், நான் அதை அடுப்பங்கரை டப்பாவில் போட்டு வைத்தேன். அவர் எனக்குச் சொல்லாமல் அதை எடுத்து அந்த எரித்த பாத்தியிலேயே ஊன்றியிருக்கிறார். போஞ்சி போட்டிருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், கழுத்துப் பிடிப்பில் அந்தப் பக்கம் நான் போகவும் இல்லை. நேற்று அந்திக்கு ஒரு செடியை மண்ணோடு கிண்டி, கழுவாமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார். நகத்தால் ஒரு முடிச்சைத் தள்ளிக் கீறி என் முகத்துக்கு நேரே நீட்டினார். சிவப்பு. நான் எரிச்சும் அது போகல புள்ள என்றார், அவர் கண் கலங்கி நான் பார்த்தது நீ விமானம் ஏறின அன்றைக்கு, அதற்குப் பிறகு நேற்று.

நாளைக்கு நிஷாந்தியிடம் கொடுக்க அந்தச் செடியைப் பையில் கட்டி வைத்திருக்கிறோம், நாட்டை விட்டு வேரைக் கையில் கொண்டுபோக முடியாதாம், பேராதனையில் வைத்துப் பார்ப்பார்களாம். பையில் என்ன எழுத என்று கேட்டேன். வீட்டுத் தோட்டம் என்று எழுதலாமா என்றேன். வேணாம், எரிச்ச பாத்தின்னு உள்ளத உள்ளபடி எழுது, அப்பதான் புள்ளைக்கு கணக்குத் தப்பாது என்று சொன்னார். அப்படியே எழுதியிருக்கிறேன். பெரியம்மா பந்தலில் இருந்த ஐந்தும் இதிலும் இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொல்கிறார்.

நீ எழுதாதே, மகளே. போன் எடுத்து அவரைக் கூப்பிட்டு நீயே சொல்லு. இந்தத் தடவை அவர்தான் போனை எடுப்பார், காலையில் இருந்தே அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, மிளகாய்த்தூளும் நெத்தலிக் கருவாடும் நிஷாந்தியிடம் தருகிறேன், அவளுக்கும் பங்கு கொடு, காதை மூட மறக்காதே. மாரியம்மன் உன்னைத் தலை நிமிர்ந்து நடக்க வைப்பாள், எங்கள் ஆசி எப்போதும் உன் பின்னால் வரும்.

உன்னைப் பெற்ற பெருமையில்,
அம்மா ராசம்மா

அப்பா கையெழுத்துப் போட மாட்டாராம், அவர் சேதி அந்தச் செடிப் பையில் இருக்கிறதாம்.