அவர் லோரியில் போயிருக்கிறார்

என்னங்க,

இன்று காலை அலமாரியில் வீட்டு உரிமைப் பத்திரமான கிராண்டைத் தேடும்போது உங்கள் காசோலைப் புத்தகம் கையில் பட்டது. திறந்ததும் கிரீஸ் வாடை குப்பென்று வந்தது. நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது, இந்த வாடை மட்டும் போக மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோழிக்கறி அடுப்பில் கொதிக்கும். நீங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, எழுதாத காசோலைகள் பத்துப் பதினைந்தில் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவீர்கள். செம்பனைக் குலை ஏற்ற விடியுமுன்னே கிளம்புகிற மனிதருக்கு வங்கி வாசலைப் பார்க்க ஏது நேரம்? "டீசலுக்கு, டயருக்கு, டிரைவர் சம்பளத்துக்கு நீயே எழுதிக் குடுத்துரு லா. நான் ரோட்டுல கெடப்பேன், என்னை எங்க தேடுவ?" என்பீர்கள். "நான் பாட்டுக்கு நகைக்கடைக்கு எழுதிக் குடுத்துட்டா?" என்று கேட்டால், "கையெழுத்துப் போட்டாச்சு, இனி உன் பாடு" என்று சிரிப்பீர்கள். லோரிக்காரர் வீடுகளில் இதெல்லாம் சாதாரணம்தான்.

ஆலை வாசலில் எடை போட வரிசையில் நின்றபோது, ஸ்டேரிங்கில் சாய்ந்தபடியே போய்விட்டீர்கள். புத்தகத்தில் பதினோரு காசோலைகள் மிச்சம் இருந்தன. சவப்பெட்டிக்கு ஒன்று எழுதினேன். கருமாதிச் சாப்பாட்டுக்கு ஒன்று. மேலே என் கையால் தேதி, கீழே உங்கள் கையெழுத்து. ஐயோ, உங்கள் சாவுச் செலவுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறீர்களே என்று அப்போது எனக்கு உறைக்கக்கூட இல்லை.

கருமாதிக்கு மறுநாள் வங்கியிலிருந்து போன் வந்தது. கையிருப்பு இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்ள, வீட்டை வைத்து வாங்கினோமே அந்த ஓவர்டிராஃப்ட், அது வரம்பை நெருங்கிவிட்டதாம். "சார் இருக்காரா?" என்றார்கள். "லோரியில போயிருக்காரு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருபது வருடமாகச் சொன்ன பதில்தானே. அடுத்த மாதமும் கேட்டார்கள், அதையே சொன்னேன். அதற்கடுத்த மாதமும்.

டிரைவரை வைத்து லோரியை ஓட்டினேன். குலை குறைந்த மாதங்களில் வந்தது டீசலுக்கே சரியாகப் போயிற்று. கணக்கு மூன்று தடவை வரம்பைத் தாண்டியது. அசாம் ஜாவாவில் டயர் கடைக்காரரிடம் கொடுத்த காசோலை திரும்பி வந்துவிட்டது. நீங்கள் இல்லை என்று தெரிந்தும் உங்கள் கையெழுத்தை நம்பி வாங்கியவர் அவர். நீங்கள் இருந்தவரை ஒரு காசோலைகூடத் திரும்பியதில்லை. எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

வீட்டை ஏலத்துக்கு விடப்போவதாகக் கடிதம் வந்தது. வேறொரு வங்கியில் வீட்டை மறு அடமானம் வைத்து, பழைய கடனை அடைக்கலாம் என்று கோல சிலாங்கூருக்குப் போனேன். அங்கே ஒரு தமிழ்ப் பெண், நம் பிள்ளை மாதிரி இருந்தாள். "ஆன்ட்டி, ஓவர்டிராஃப்ட் மூணு வாட்டி லிமிட்ட தாண்டியிருக்கு, ஒரு செக் ரிட்டர்ன் வேற. கஷ்டம்தான், ஆனா வீட்டுக்கு மதிப்பு இருக்கு, டிரை பண்ணலாம். கிராண்ட்ல ரெண்டு பேர் பேரும் இருக்கு, அங்கிள் சைன் வேணும்."

"லோரியில போயிருக்காரு."

"பரவால்ல, லோன் பாரத்த வீட்டுக்குக் கொண்டு போய் சைன் வாங்கிட்டு வாங்க."

மிஞ்சியிருந்த ஒரே காசோலையை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன்மேல் வெறும் தாளைப் பிடித்து உங்கள் கையெழுத்தை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அச்சு அசலாக வந்தது. நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போலத் தோன்றியது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பாரத்தில் பேனாவை வைக்க என்னால் ஆகவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் நீங்கள் இல்லை என்பதைச் சொல்லிவிட்டேன்.

"எப்ப ஆன்ட்டி?"

"பதினோரு மாசம் ஆச்சும்மா."

அவள் கணக்குத் தாள்களைப் புரட்டினாள். "அப்போ இந்தச் செக்கெல்லாம் யார் சைன் பண்ணது?"

"அவருதான்" என்றேன்.

அவள் தாள்களை மூடி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இனி ஒரு செக்கும் எழுதாதீங்க ஆன்ட்டி. பழைய பேங்க்ல சாவு சர்ட்டிபிகேட்ட குடுங்க. வீட்டை உங்க பேருக்கு மாத்துனாத்தான் அப்ளை பண்ண முடியும். அதுவரைக்கும் ஏலத்த நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேளுங்க."

கொடுத்துவிட்டேன். கணக்கை முடக்கிவிட்டார்கள். ஏலத்தைப் பற்றி இன்னும் பதில் இல்லை. பேர் மாற்றத்தான் இன்று கிராண்டைத் தேடினேன். உங்கள் சாவை இத்தனை நாள் ஏன் மறைத்தேன் என்று பழைய வங்கியில் எழுதிக் கேட்டார்கள். லோரி நின்றால் கடனை அடைக்க முடியாது என்று பயந்தேன், அதனால்தான் என எழுதிக் கொடுத்தேன்.

அது பாதிதான். மீதியை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். உங்களை எரித்துவிட்டு வந்ததை இந்த ஊரே பார்த்தது. நீங்கள் எங்கோ ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நம்ப எனக்கு யாராவது ஒருவர் வேண்டியிருந்தது. அந்த வங்கி நம்பியது. இப்போது அப்படி நம்ப யாரும் இல்லை, என்னைத் தவிர.