கடையை நகர்த்திய நாடா

டீச்சர்,

சொன்னால் சிரிப்பீர்கள். இன்று காலை கண்ணாடி முன்னால் சட்டையில்லாமல் நின்று, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, நீங்கள் விட்டுப்போன துணி நாடாவால் என் தொப்பையை அளந்தேன். கணிசமாகக் குறைந்திருந்தது. அடுப்படியிலிருந்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நாடாவில் இன்னும் மைதானச் சுண்ணாம்பு வாசனை. விளையாட்டு டீச்சரான நீங்கள் நீளம் தாண்டுதலுக்கு அதை நரம்பு தெறிக்க இழுத்துப் பிடிப்பீர்கள். "தொய்வு இருந்தா புள்ளைக்குத் துரோகம் சார்."

பள்ளி வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி மனைவியின் தம்பியான என் மச்சானின் பெட்டிக்கடை. சிகரெட் பற்றவைக்க முனையில் கங்கோடு கயிறு தொங்கும். சிகரெட் ஒன்றிரண்டாகவும் கிடைக்கும். கணக்கு வாத்தியாரான நான் இடைவேளைதோறும் அங்கே ஆஜர். உங்கள் ஓட்டக்காரப் பையனும் அதே கடை வாடிக்கை என்பது, அவன் பாதி ஓட்டத்தில் இருமிக்கொண்டு உட்கார்ந்த அன்றுதான் உங்களுக்குத் தெரிந்தது.

"கடலூர்ல மாவட்டப் போட்டி வருது. இவன் நெஞ்சக் கெடுத்துட்டு எதுக்குக் கூட்டிட்டுப் போறது?" என்றீர்கள்.

பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்பது சட்டம். சுகாதார ஆய்வாளரை அழைத்து வந்தீர்கள். நாடாவின் முனையை வாசலில் என் கையில் திணித்தீர்கள்.

"மாமா, நீயுமா?" என்றான் மச்சான்.

"நான் முனையத்தான் புடிச்சிருக்கேன்டா."

நூறாவது கஜம் கடையைத் தாண்டி ஓரடியில் முடிந்தது. கடை எல்லைக்குள்.

"இன்னொரு வாட்டி அளங்க டீச்சர். கடை வெளியதான் இருக்கு" என்றான் மச்சான்.

"எத்தன வாட்டி வேணா அளக்கலாம். நாடா பொய் சொல்லாது."

அன்று மாலையே கயிறு அணைந்தது. மச்சான் கடலைமிட்டாய்க்கும் சோடாவுக்கும் மாறினான்; என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. பையன் கடலூரில் முதலாவதாக வந்தான். உங்களைத் தோளில் தூக்க முயன்ற பிள்ளைகளை விசில் ஊதி விரட்டினீர்கள். அடுத்த சிகரெட் கடை பஸ் நிறுத்தத்துக்கும் அப்பால். மதிய வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க என் சோம்பேறித்தனம் ஒப்பவில்லை, நானும் விட்டேன். இன்றும் அந்த வழியாகப் போகும்போது, போர் ஜெயித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன். நான் பிடித்தது முனைதான் என்றாலும்.

இன்று காலை நான் கூப்பிட்டதும் மனைவி தன் தையல் நாடாவைக் கொண்டுவந்து உங்களுடையதன் பக்கத்தில் விரித்தாள்.

"தொப்ப அப்படியேதான் இருக்கு. உங்க டீச்சர் இழுத்து இழுத்து நாடாதான் நீண்டு போயிருக்கு. எத அளந்தாலும் கம்மியாதான் காட்டும்."

தொப்பையை மறந்து, வாசலிலிருந்து கடைவரை மனதுக்குள் மறுபடி அளந்தேன். பிறகு, அவள் தன் தம்பியை நினைத்துக்கொள்ளும் முன், நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்தேன்.

கடை எல்லைக்கு வெளியேதான் இருந்திருக்கிறது, டீச்சர்.